சத்தமில்லாத மத்தியானம்

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய அன்றுதான் மின்விசிறியை நிறுத்தினேன். கோடை முழுக்க, மழை முழுக்க லொடலொடவென்று ஓடிய சனியன். அது நின்ற பிறகுதான் வீட்டுக்குள் இவ்வளவு அமைதி இருக்கிறது என்றே தெரிந்தது.

அமைதி என்கிறேனே, என் வீட்டுக்காரர் உள்ளறையில் இருக்கும்வரை அது ஏது? லாரி ஓட்டியவர். ஹாரன் அடித்தே பழகின கை. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போன பிறகு, இடது கையில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து வைத்தேன். இரும்புக் கட்டிலில் தட்டுவார். ஒரு தட்டு, தண்ணீர். இரண்டு தட்டு, துணி மாற்ற வேண்டும். மூன்று தட்டு என்றால் ஒன்றுமில்லை, சும்மா என் மூஞ்சியைப் பார்க்க. அதுதான் அதிகம். தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது அந்த மூன்று தட்டு கேட்டால் கோபம் உச்சிக்கு ஏறும்.

அன்று காலை நாத்தனார் போன் செய்தார். அவர் விசாரித்து வைத்திருந்த ஹோமில் ஒரு கட்டில் காலியாம்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். பெத்த தாய் கூட இப்படிப் பாக்க மாட்டா. உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டோம்."

"அவரை அனுப்புறதா வேண்டாமான்னு தெரியலை அண்ணி. ஒரே ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் கேக்காம சும்மா உக்காந்து யோசிச்சாப் போதும் எனக்கு."

கத்தித்தான் சொன்னேன். மெதுவாகப் பேச எனக்கும் மறந்துவிட்டது.

அவருக்குச் சாப்பாடு ஊட்டி முடித்து, டீ போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெயில் இளைத்துப்போய்த் தரையில் கிடந்தது. டம்ளர் சத்தம் இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். தைக்க வேண்டிய சீருடைகள் குவிந்திருந்தன. கிடக்கட்டும் என்று விட்டேன். டீ கடைசி மடக்குவரை சூடாக இறங்கியது. எத்தனை காலமாயிற்று! நான் என்ன மனுஷியா, மாடா என்று யோசித்தேன். என் முழங்கால், என் முதுகு, எனக்கு மிச்சமிருக்கிற வருஷங்கள். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெயில் சுவரில் ஏறுவதற்குள் முடிவு வந்துவிட்டது. அனுப்பிவிடலாம். மனசு லேசானது. அவ்வளவு லேசானதுதான் எனக்கே பயமாக இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு, முதலில் அவரை ஓர் எட்டுப் பார்த்துவிடலாமென்று உள்ளே போனேன்.

விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். விரிப்பு முதுகுவரை நனைந்து, அந்தக் குளிரில் உடம்பு வெடவெடத்தது. டம்ளர் தவறிக்கூடக் கட்டிலில் பட்டுவிடாதபடி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அட பாவி மனுஷா! எவ்வளவு நேரமா இப்படி? தட்டித் தொலைக்கிறதுக்கு என்ன?"

வாய் கோணியது. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினார்.

"இனிமே... தட்ட மாட்டேன். அனுப்பாதே."

போனைக் கீழே வைத்துவிட்டு விரிப்பை உருவினேன். புரட்டிப் போடும்போது தோள்பட்டை வலியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவர், அன்று உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"கத்துங்க," என்றேன். "வலிச்சாக் கத்துங்க."

அவர் கத்தவில்லை.