ஏழாவது பத்தி

அக்கா தலையை ஆட்டியது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பெரிய ஆட்டல் ஒன்றும் இல்லை, கழுத்துச் சுளுக்குக்காரர் ஆட்டுகிற அளவுக்கு. ஆனால் வக்கீலுக்கு அது போதுமாக இருந்தது. உடனே குனிந்து மனுவின் ஏழாவது பத்தியை எழுதத் தொடங்கிவிட்டார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில், கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக நடுங்கியது. அவருடைய எழுத்து மட்டும் நடுங்கவே இல்லை.

முந்தைய ஆறு பத்திகளையும் அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதியிருந்தார். எல்லாம் உண்மை. தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. இருபத்திரண்டில் நோய் வந்தது. தண்ணீர்க் குழாய்க்குள் ஆட்கள் கூடித் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குழாய் வாயில் துணி கட்டுகிறான். கை நடுங்குகிறது, நாக்கு தடிக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறான். போன வருடம் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு நாள் காணவில்லை. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் இருப்பதாகத் தெரிந்து அக்கா விழுந்தடித்து ஓடினால், கவுண்டரில் இருந்த பெண், "அவரு மேஜருங்க. நீங்க கூடப் பொறந்தவங்களா இருக்கலாம், கார்டியன் ஆர்டர் இருக்கா?" என்று கேட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் ஒரு பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடந்து போவதைப் பார்த்துவிட்டு அக்கா திரும்பி வந்தாள். அம்மா போன பிறகு அவனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அந்த ஒருத்திக்கு அவன் எந்த வார்டில் இருக்கிறான் என்று கேட்கக்கூட உரிமை இல்லை. அவனுக்குச் சட்டப்படி அவள்தான் காப்பாளர் என்று ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீலோ உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தாலும், போனவர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டாரே, வயது வந்தவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நீதிபதி சொல்லிவிட்டால் மனு அம்போதான் என்றார். உயிருக்கு ஆபத்து என்று காட்ட ஒன்றாவது வேண்டும். தீ, கத்தி, மொட்டைமாடி, இப்படி ஏதாவது? அக்கா யோசித்து, ஒரு நாள் கேஸ் அடுப்பு திறந்தபடியே கிடந்து வீடு முழுக்க வாடை பரவியதைச் சொன்னாள். சொல்லும்போது மனதில் தப்பாக எதுவும் இல்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"தம்பிதானே தொறந்து விட்டாரு?" என்றார் வக்கீல், பேனா மூடியைக் கழற்றியபடி.

அப்போதுதான் அந்தத் தலை ஆடியது.

நடந்தது வேறு. அக்காவுக்குத் தையல் ஃபேக்டரியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளில் தையல் விட்டது, பொத்தான் கோணியது எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒரு நூல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அங்கே அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவசர ஆர்டருக்காகப் பத்து நாள் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்த பூதக்கண்ணாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அப்படியே அசந்துவிட்டது. பால் பொங்கி, தீ அணைந்து, கேஸ் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தம்பிதான் தன் அறையிலிருந்து வந்தான். சிலிண்டரை மூடினான், ஜன்னல்களையெல்லாம் திறந்தான், பிறகு அவளை உலுக்கி எழுப்பினான். மலங்க மலங்க விழித்தவளின் கை சுவிட்சுப் பக்கம் போக, "ஃபேன் போடாதக்கா, பொறி பறக்கும்" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எந்தப் புத்திசாலியும் அதைவிடப் பக்குவமாக நடந்திருக்க முடியாது. சாயங்காலம் அடுப்பைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, அவள் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை எடுத்து, அடுப்பின் திருகு எந்தப் பக்கம் திரும்பினால் மூடும் என்று காட்டுகிற மாதிரி ஒட்டி வைத்தான். அன்று முதல் தினமும் படுக்கப் போகும் முன் மூன்று தடவை வந்து திருகைத் தொட்டுத் திருப்பிப் பார்ப்பான். நோய் முற்றுகிறது என்று அதையும் அவள் டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மனுவின் நகலை அவன் கையிலேயே கொடுக்க வேண்டுமாம். கோர்ட் ஆள் வந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். தம்பி தரையில் உட்கார்ந்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தான். அக்கா ஏற்கெனவே மடித்த துணிகளைப் பிரித்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில், ஏழாவது பத்தியில் விரல் நின்றது. கேட்பான், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், வக்கீலிடம் போய் அந்தப் பத்தியை அடித்துவிடச் சொல்லலாம் என்று காத்திருந்தாள். கேட்காமல் இருந்துவிட்டால் போதும் என்றும் காத்திருந்தாள். மனசு ஒரே நேரத்தில் இரண்டு பஸ்ஸுக்கு நிற்கும். தம்பி முதலிலிருந்து திரும்பப் படித்தான். இன்னொரு தடவையும் படித்தான். கடைசிப் பக்கத்தில் இருந்த அவளுடைய கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"கோர்ட்டு அன்னிக்கு எந்தச் சட்டை போட்டுக்கட்டும்க்கா?" என்று மட்டும் கேட்டான்.

கோர்ட் என்றதும் கூண்டு, சுத்தியல் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள் அக்கா. போய்ப் பார்த்தால் சாதாரண அறை. கதவு மூடாத அலமாரி, கயிறு கட்டிய கோப்புகள், நீள மேஜை, அதன் பின்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட, களைத்த முகமுள்ள ஒரு பெண் நீதிபதி. அவர் தம்பியிடம் கிழமை கேட்டார், மாதம் கேட்டார், எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். அவன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். பஸ் நம்பரையும் சேர்த்துச் சொன்னான். மாத்திரை ஏன் போடுவதில்லை என்றதற்கு இரண்டு கைகளையும் நீட்டி, எப்படி நடுங்கும் என்று காட்டினான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு வக்கீலைப் பார்த்தார். இவருக்கு எதற்கு இன்னொருத்தர் காவல் என்று கேட்கிற பார்வை. மனு கைநழுவுகிறது என்று அக்காவுக்கே தெரிந்தது. கண்ணாடிக் கதவும் பச்சைப் போர்வையும் கண்முன் வந்து நின்றன. வக்கீல் எழுந்து, ஏழாவது பத்தியைப் பார்க்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

நீதிபதி படித்துவிட்டு நிமிர்ந்தார். "கேஸ் அடுப்பைத் தொறந்து விட்டது நீங்களா?"

தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அவள் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறாள். கோபம் இல்லை. எந்தச் சட்டை என்று கேட்ட அதே முகம்தான். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"ஆமாங்கம்மா, நான்தான்," என்றான் தம்பி. "பால வெச்சிட்டு நாற்காலில உக்காந்து தூங்கிட்டேன். அக்காதான் வந்து சிலிண்டர மூடி, ஜன்னலெல்லாம் தொறந்து, என்னை எழுப்புனா. ஃபேன் போடப் போன என் கையக்கூடப் புடிச்சிட்டா. இல்லேன்னா ரெண்டு பேருமே போயிருப்போம்."

பால் என்று மனுவில் எங்கேயும் இல்லை. நாற்காலி இல்லை, ஃபேன் இல்லை. அவளுடைய தூக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு, தன்னுடைய புத்தியை அவளுக்குக் கொடுத்துவிட்டான். நீதிபதி கண்ணாடியை இறக்கி அக்காவைப் பார்த்தபோது அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. அவள் தலையைக் குனிந்து அந்த மரியாதையை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே உத்தரவு ஆயிற்று. இனி அக்காதான் காப்பாளர். கூடவே ஒரு நிபந்தனை: தம்பி அடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதாக அவள் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தாள். வெளியே வராந்தாவில் வக்கீலிடம் விஷயத்தை மென்று விழுங்கிச் சொல்லப் பார்த்தாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வந்த ஆர்டரைக் கிளறி ஆட்டம் காண வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸுக்கு நடந்துவிட்டார்.

பஸ்ஸில் தம்பிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நாலைந்து நிறுத்தம் போன பிறகு அக்கா கேட்டாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீ கையெழுத்துப் போட்டிருந்தியேக்கா."

"பால வெச்சது யாருன்னு உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

அவன் வெளியே பார்த்தபடியே சொன்னான். "மொதத் தடவ படிச்சப்போ நீதான் வெச்ச. மூணாவது தடவ படிச்சப்போ நானாவும் இருக்கலாம்னு தோணுச்சு. என் தலைய நம்ப முடியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

பொய் கோர்ட்டோடு முடிந்து போகும் என்று அக்கா நினைத்திருந்தாள். அது இவன் தலைக்குள்ளேயே போய், ஏற்கெனவே அங்கே பேசிக்கொண்டிருப்பவர்களோடு குடியேறிவிட்டது. "நான்தான்டா வெச்சேன். நான்தான் தூங்கிட்டேன்," என்றாள், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

தம்பி அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தான். "சரிக்கா," என்றான். குழாய்க்குள் யாரும் இல்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவன் சொல்கிற அதே சரிக்கா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பாலை அடுப்பில் வைத்தாள். காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை. அவள் உட்காரவில்லை. பாத்திரத்தையே பார்த்தபடி நின்றாள். தம்பி சமையலறை வாசல் வரைக்கும் வந்து நின்றுவிட்டான். உள்ளே வாடா என்றதற்கு, எழுதிக் கொடுத்திருக்கிறாயே என்றான். கூடத்துத் தரையும் சமையலறைத் தரையும் சேருகிற கோட்டுக்குச் சரியாக, கால் விரல்கள் தாண்டிவிடாதபடி குனிந்து பார்த்து நின்றுகொண்டான். பால் நுரைத்து ஏறியது. அக்கா திருகை மூடினாள்.

"மூடிட்டியாக்கா?"

"மூடிட்டேன்டா."

அவனுக்கு அது போதவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டி, சிவப்பு அம்புக்குறி காட்டுகிற பக்கமாக, வெறும் காற்றை மூன்று தடவை திருகினான்.