பதினெட்டாம் இடத்துப் பல்கலைக்கழகம்

சாப்பாட்டு மேசையை மகள் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. நாலு அட்டைத் தாள்களை ஒட்டி ஒரு பெரிய அட்டவணை போட்டிருந்தாள். இடதுபக்கம் ஐந்து அரசுப் பல்கலைக்கழகங்கள். மேலே கட்டணம், விடுதி, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், முதலாண்டுப் பாடத்தை யார் நடத்துகிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்குகிறார்கள் என்று பன்னிரண்டு கட்டங்கள். வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அப்பாவைவிட ஒரு விரல் உயர்ந்துவிட்ட பிறகும் பெயர் மாறவில்லை. அப்பாவும் அம்மாவும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

“கடைசியில இருக்கே, நம்ம ஊர்ப் பல்கலைக்கழகம், அதுல சாயங்கால வகுப்பு எத்தனை மணிக்குன்னு போட்டிருக்கா?” என்று அம்மா கேட்டாள். சீருடையை இஸ்திரி போட்டபடியே, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல.

“எனக்கு எதுக்கும்மா சாயங்கால வகுப்பு? அது வேலைக்குப் போறவங்களுக்கு. தரவரிசையில அது பதினெட்டாவது வேற. உன் தொல்லை தாங்காமத்தான் பட்டியல்ல சேர்த்தேன்.”

“சும்மாதான் கேட்டேன்.”

சும்மா இல்லை. போன வாரமே அம்மா அங்கே போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தனக்காக.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவி எந்திரத்தில் வைத்து எடுக்கும் அறையில் பத்தொன்பது வருட வேலை. ஒவ்வொரு பொதியிலும் ஒரு நாடா ஒட்டுவார்கள். நீராவி பட்டால் அதிலுள்ள கோடுகள் கறுத்துவிடும். சென்ற வருடம் புதிதாக வந்த செவிலி ஒருத்தி, “கோடு கறுத்தா கிருமியெல்லாம் செத்துடுச்சுன்னு அர்த்தமா அக்கா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. சூடு பட்டிருக்குன்னுதான் அர்த்தம்.”

“அப்ப செத்துடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அதற்கென்று ஒரு சின்னக் குப்பியை எந்திரத்துக்குள் வைத்து எடுத்து, வாரம் தவறாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறவள் இவள்தான். ஆனால் அனுப்பிய பிறகு அங்கே என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு எதையோ மென்று முழுங்கிச் சமாளித்தாள். கேள்வி மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. அவளும் ஒரு காலத்தில் கல்லூரியில் ஒரு வருடம் படித்தவள். அவளுடைய அப்பா படுக்கையில் விழுந்ததும் படிப்பு பாதியில் நின்றது. பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் ‘நுண்ணுயிரியல் இளநிலைப் பட்டம், மாலை வகுப்பு’ என்று பார்த்தபோது கை தானாகக் கைப்பேசியை எடுத்தது.

வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இது பட்டாணியின் வருடம், குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று நினைத்தாள். இடம் கிடைக்காமல் போனால் அது தன்னோடு போகட்டும் என்றும் ஓர் எண்ணம்.

விடுமுறை நாட்களில் தாயும் மகளும் ஒவ்வோர் இடமாகப் பார்க்கக் கிளம்பினார்கள். தரவரிசையில் முதலாவதாக நின்ற இடத்தில் நூலகம் மட்டுமே ஐந்து மாடி. பட்டாணி அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கிறது என்றாள். சுற்றிக் காட்டிய மாணவனிடம் அம்மா, “பாடம் புரியலைன்னா யார்கிட்டப்பா கேப்பீங்க?” என்றாள். அவன் சற்று யோசித்தான். “முதல் வருஷம் நானூறு பேருக்கு ஒரே வகுப்பும்மா. வாத்தியாரைப் பிடிக்கறது கஷ்டம். எங்களுக்குள்ளயே கேட்டுக்குவோம்.” பட்டாணி அதைக் குறித்துக்கொண்டாள். ஏழாவதாக நின்ற இடத்தில், பட்டாணி படிக்க நினைத்த புள்ளியியல் வகுப்பில் முப்பதே பேர். வாசலில் நின்று எட்டிப் பார்த்த பட்டாணியை ஆசிரியர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு கணக்கில் அவரோடு வாக்குவாதம் முற்றி, அன்றைக்குத் தாயும் மகளும் ரயிலைக் கோட்டைவிட்டார்கள்.

கடைசியாக உள்ளூர். “அதைப் பாக்க என்ன இருக்கு, அடிச்சுடேன்” என்று அம்மா நழுவப் பார்த்தாள்.

“பாக்காம அடிச்சா அட்டவணையே பொய்யாயிடும்மா. கிளம்பு.”

சேர்க்கை அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தலை நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது. “வாங்கம்மா, வாங்க! குறையுதுன்னு சொன்னேனே, அந்தச் சான்றிதழ் நகல், கொண்டுவந்தீங்களா?”

அம்மா அவருக்குக் கண்ணைக் காட்டினாள். பட்டாணி அவளையும் எழுத்தரையும் மாறி மாறிப் பார்த்தாள். “எனக்குத் தெரியாம எனக்கு இங்க விண்ணப்பம் போட்டுட்டியா?” குரல் உடைந்தது. “இதுக்குத்தான் சாயங்கால வகுப்பு, சாயங்கால வகுப்புன்னு நச்சரிச்சியா? என்னைப் பக்கத்துலயே கட்டிப் போட்டுக்கணும்னு?”

“பாப்பாவுக்கு இல்லையே” என்றார் எழுத்தர் குழப்பத்தோடு. “அம்மாவுக்குத்தானே?” கோப்பைத் திறந்து காட்டினார். விண்ணப்பத்தின் மூலையில் மருத்துவமனைச் சீருடையில் அம்மாவின் படம், கொஞ்சம் கோணலாக ஒட்டப்பட்டு.

பட்டாணி வெளியே நடந்தாள். தாழ்வாரத்தின் கோடியில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அம்மா தயங்கித் தயங்கிப் பின்னால் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.

“கோபமாடி?”

“பின்னே? இத்தனை வாரமா ஒவ்வொரு தடவை நீ கேக்கும்போதும் எரிஞ்சு விழுந்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா சிரிப்பியோன்னு…”

“நான் ஏம்மா சிரிக்கப் போறேன்?” என்றவளுக்குக் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, “என்ன பாடம்?” என்றாள்.

“நுண்ணுயிரியல்.”

“ஆய்வுக்கூடத்தைப் பாத்தியா?”

“இல்ல. எப்படிப் போய்க் கேக்கறது?”

“நல்லா இருக்கு போ. என்னோடதுன்னா நானூறு பேரை எண்ணுவே, உன்னோடதுன்னா ஒண்ணும் பாக்க மாட்டியா?” அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடியேறினாள்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பேராசிரியை தனியாகக் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் வேலை என்னவென்று கேட்டார். குப்பியின் கதையைச் சொல்லி, அம்மா கூச்சத்தோடு தன் கேள்வியையும் கேட்டாள். பேராசிரியை குடுவையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டார். குப்பிக்குள் இருப்பது சூட்டுக்கு லேசில் மசியாத கிருமிகளின் வித்துகள். ஆய்வுக்கூடத்தில் அவற்றை இளஞ்சூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அப்போதும் முளைக்கவில்லை என்றால்தான் எந்திரம் ஒழுங்காக வேலை செய்ததாகக் கணக்கு என்று நிதானமாகச் சொன்னார். அம்மா கேட்டாள், மறித்துக் கேட்டாள், தான் கண்டதைச் சொன்னாள். அரை மணி நேரம் போனது தெரியவில்லை. பட்டாணி கதவில் சாய்ந்து நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இவ்வளவு வேகமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய அட்டவணையைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். அம்மாவின் பழைய ஒரு வருட மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்களா, வேலை முடிந்து வகுப்புக்குப் போக எவ்வளவு நேரம், மாலையில் பாடம் நடத்துவது யார், ஆய்வுக்கூடம் எத்தனை மணிவரை. எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

“அம்மா, இது ஏன் பதினெட்டாவதுன்னு இப்பத்தான் புரியுது. உரிய காலத்துல பட்டம் வாங்குறவங்க இங்க கம்மி. பாதிப் பேர் வேலை பாத்துக்கிட்டே ஆறு வருஷம், ஏழு வருஷம் எடுத்துக்கறாங்க. அதைக் குறைன்னு எண்ணியிருக்காங்க.”

“அப்ப நான் சேர்ந்தா பத்தொன்பதுக்குப் போயிடுமா?”

பட்டாணி சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது.

நகரப் பேருந்து ஓட்டும் அப்பா வேலை முடிந்து வந்து, விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். “என்கிட்டகூடச் சொல்லலையே?”

“கோபமாங்க?”

“கோபமில்ல. நான் டிப்போவுல எல்லார்கிட்டயும் பொண்ணு படிக்கப் போறான்னுதானே சொல்லி வெச்சிருக்கேன். இப்ப மறுபடியும் முதல்ல இருந்து சொல்லணும்.” செருப்பைக் கழற்றியவர், “அந்தப் பக்கம் வகுப்பு விடற நேரத்துக்கு ஒரே வண்டிதான். கூட்டமா வரும். முன்வாசல்ல ஏறு, இடம் கிடைக்கும்” என்றார்.

இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பட்டாணி முதலாவதை விட்டு ஏழாவதைத் தேர்ந்தெடுத்தாள். அந்தக் கணக்கில் தான் சொன்னதுதான் சரி என்று அந்த ஆசிரியருக்கு நிரூபிக்க வேண்டுமாம். அவளை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேசை வெறுமையாகக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் அதைப் பார்த்தார்கள், பிறகு வழக்கம்போலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

முதல் தேர்வில் அம்மாவுக்கு இருபத்தைந்துக்கு ஒன்பது. மறுநாள் மதிய இடைவேளையில், மருத்துவமனையின் உடைமாற்றும் அறையில் நின்று மகளைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

“ஒன்பதுதான்டி. எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது போலிருக்கு.”

“எனக்குப் பதினொண்ணு. நான் மட்டும் என்னத்தக் கிழிச்சுட்டேன்? தாள் கையில இருக்கா?”

“இருக்கு.”

“முதல் கேள்வியைப் படி.”

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இடைவேளை முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது.