அம்மாப்பிடி

கூட வந்த தம்பி, மகன் வேலை பார்த்த ஆபீசுக்குள் போய் அவன் பையை வாங்கி வருவதற்குள் பாலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அவள் கிளம்பினாள். இரண்டு மலைகளுக்கு நடுவே இரும்புப் பாலம், நடுவில் பலகை போட்ட மேடை, எட்டிப் பார்த்தால் அதல பாதாளத்தில் ஆறு. காலில் கயிறு கட்டிக்கொண்டு தலைகீழாக விழுவதற்கு ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குக் கயிறு கட்டிவிடும் வேலைக்குத்தான் மகன் வீட்டை விட்டு வந்தான்.

சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள் அவள். உயரம் என்றால் ஆகாது. மாடிப்படியில்கூடச் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறுவாள். "அந்த வேலைய விடற வரைக்கும் வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று போனில் சொல்லியிருந்தாள். சின்ன வயதில் அவள் சொன்ன ஒரு சொல்லையும் கேட்காத பிள்ளை, இதை மட்டும் கேட்டுத் தொலைத்தான். ஒரு வருஷம் வரவில்லை. அவளும் இறங்கி வரவில்லை. பிறகு காய்ச்சல் என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். கோபத்தோடேயே போய்விட்டானா?

மேடையை ஒட்டிய பெஞ்சில் ஒரு குண்டு ஆள் உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தார். தாடிக்காரன் ஒருவன் முட்டி போட்டு அவர் கணுக்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மாப்பிடி போட்டாச்சா?" கயிற்றுப் பக்கம் நின்றவன் கேட்டான்.

"போட்டுட்டே இருக்கேன்" என்ற தாடிக்காரன் குண்டு ஆளிடம் பேச்சுக் கொடுத்தான். "சார், உடும்புப்பிடி கேள்விப்பட்டிருப்பீங்க. இது அதுக்கும் மேல. ஒரு அம்மாவுக்கு பல்பு மாத்த மேல ஏறப் பயம். பையனை ஸ்டூல்ல ஏத்திவிட்டு அவன் ரெண்டு காலையும் புடிச்சுக்குவாங்க. பல்பு மாட்டி லைட்டும் எரிஞ்சிரும். 'விடும்மா, எறங்கணும்'பான். விடமாட்டாங்க. அந்தப் பிடிதான் சார் இது."

குண்டு ஆள் சிரித்துவிட்டார். சிரித்த வாய் மூடுவதற்குள் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் குதிக்க வைத்துவிட்டார்கள்.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டே கிட்டே போனாள். "இந்தக் கதை யாரு சொன்னதுப்பா?"

"எங்ககூட ஒருத்தன் இருந்தாம்மா. யார் காலைக் கட்டினாலும் இதைத்தான் சொல்லுவான். பட்டைக்கே அந்தப் பேரு நின்னுருச்சு." கொக்கியிலிருந்து வேறொரு பட்டையை எடுத்து உதறினான். "இப்ப அவன் இல்ல."

"கோவமா சொல்லுவானா?"

"அம்மாவைப் பத்தியா?" நிமிர்ந்து பார்த்தான். "அவங்களை ஒரு நாள் இங்க கூட்டிட்டு வரணும்னு சொல்லிட்டே இருப்பான். அவங்களா வீட்டுக்குக் கூப்பிடட்டும்னு காத்துட்டிருந்தான்."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது அவளுக்கு. கோபத்தோடு போயிருந்தால் பழியில் அவன் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும். இப்போது முழுவதும் அவள் தலையில்.

"ஸ்டூல் இல்லப்பா" என்றாள். "தண்ணி டிரம்மு. கவுத்துப் போட்டது. ஆடிக்கிட்டே இருக்கும். அதான் புடிச்சேன்."

தாடிக்காரனின் கை நின்றுவிட்டது.

அடுத்து ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தாடிக்காரன் பட்டையைக் கட்டினான், இழுத்துப் பார்த்தான், மறுபடியும் இழுத்துப் பார்த்தான். கதை சொல்லவில்லை. பெண்ணின் முழங்கால்கள் நடுங்கின. பாலத்து இடுக்கில் ஆறு தெரிந்தது. அதைப் பார்க்காமல் அவள் அந்தப் பெண்ணின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பட்டைக்கு மேலே இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் மெல்லக் கைக்குள் அடங்கியது.

பாலத்தின் அந்த முனையில் தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. கீழே குண்டு ஆளைப் படகில் இறக்கியிருந்தார்கள்.

"விடுங்கம்மா, எந்திரிக்கணும்" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

அவள் பிடி தளரவில்லை. ஆற்றிலிருந்து வெறுங்கயிறு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.