கோலப்பன் வைக்காத கைநாட்டு

முதல் நாள் கோலப்பன் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாம் நாள் வாய் திறந்து சொன்னார். மூன்றாம் நாள், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, கையிலிருந்த அரத்தை நீட்டிக்கொண்டு சத்தம் போட்டார்.

"படம் எடுக்கப்பிடாதுன்னா எடுக்கப்பிடாது. இனி மலையாளத்துல சொல்லணுமா?"

ஜானவிக்கு முகம் சிவந்துவிட்டது. வலியசாலைக்காரி அவள். ஸ்காட்லாந்தில் போட்டோகிராபி படிக்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். தெருவில் உட்கார்ந்து தொழில் செய்கிற ஒருவரின் கைகளைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். நடைபாதையில் சாவி செய்துகொண்டிருந்த கோலப்பனின் கைகளைப் பார்த்தபிறகு வேறு யாரையும் தேட அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க முகம் வராது அண்ணாச்சி. கை மட்டுந்தான்."

"என் மூஞ்சிய எவன் கேட்டான்? இங்க தொங்குதது எல்லாம் ஆளுக தாக்கோலு. ஒவ்வொண்ணுலயும் பேரெழுதி மாட்டியிருக்கேன். நம்பித் தந்துட்டுப் போறாங்க. நீ படம்புடிச்சு ஊரெல்லாம் காட்டவா? போ பிள்ளே."

போட்டோவில் சாவியைப் பார்த்து எவன் திருடப்போகிறான்? வெளிநாட்டில் படிக்கிறவளை நாலு பேர் முன்னால் மட்டம்தட்ட இது ஒரு சாக்கு என்றே அவளுக்குப் பட்டது. மறுநாள் எதிர்ப்பக்கத்துச் செருப்புக்கடை மாடிக்கு ஏறி, ஜன்னலுக்குப் பின்னால் நின்று, நீள லென்ஸில் இருநூறு படங்கள் எடுத்தாள். கோலப்பன் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

படத்திலிருப்பவரிடம் ஒப்புதல் படிவம் வாங்காமல் கல்லூரியில் எதையும் ஏற்கமாட்டார்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், அப்பாவின் மேஜையிலிருந்த மைப்பெட்டியில் தன் பெருவிரலை அழுத்திப் படிவத்தில் பதித்தாள். பக்கத்தில் கோலப்பனின் பெயரை எழுதினாள். தெருவோரத்து ஆள் கைநாட்டுத்தான் வைப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பேராசிரியைக்குப் படங்கள் பிடித்தன. அந்த ஊதா ரேகை இன்னும் அதிகமாகப் பிடித்தது. படிவத்தையும் படத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். மார்ச்சில் கல்லூரியின் இணையதளத்தில் இரண்டும் சேர்ந்தே வந்தன. அம்மா பத்மஜா பூரித்துப்போய் அதைத் தெருவின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள். அங்கிருந்து அது கைமாறிக் கைமாறி ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போயிற்று.

ஜூனில் ஜானவி மறுபடி வந்தாள். வந்த இரண்டாம் நாள் நல்ல மழை. வாசலில் கோலப்பன் நின்றார். பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தாள்கள் வைத்திருந்தார்.

"உள்ள வாங்கோ, நனையறேளே" என்றார் அப்பா சேஷன்.

"வேண்டாம் சாமி. உங்க மோளக் கூப்பிடுங்க."

அவள் வந்ததும் முதல் தாளை எடுத்து நீட்டினார். அரம் பிடித்த கை; அதற்கடியில் ஒரு சாவி, அதன் பல் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்போல் அத்தனை துல்லியம். சாவியில் கட்டியிருந்த அட்டையில் 'மகாராஜா மிளகாய் மண்டி, கோடவுன்' என்று எழுதியிருந்தது.

"பத்தொம்பது வருசமா மண்டிக்கார மகாராஜா என்கிட்டதான் வருவாரு. இந்தப் படத்தக் காட்டி, கோலப்பா நீயாடா சம்மதிச்சேன்னு கேக்காரு. நான் இல்லன்னு சொன்னா, இந்தாடா உன் கைநாட்டுன்னு இந்த ரெண்டாம் தாளக் காட்டுதாரு. நான் என்ன சொல்ல?"

"அண்ணாச்சி மறந்துட்டார்ப்பா" என்றாள் ஜானவி. "அன்னிக்கு வச்சுத் தந்தாரே."

கோலப்பன் பெருவிரலை சேஷனின் முகத்துக்கு நேரே நீட்டினார். அரம் தேய்த்துத் தேய்த்து அதில் ஒரு கோடு மிச்சமில்லை. கூழாங்கல்போல் வழவழவென்று இருந்தது.

"ரேஷன்கடை மெஷினே இந்த விரல எடுக்காது சாமி. ஓடிபி வந்துதான் அரிசி வாங்குதேன். பின்னே நான் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்? பத்தாங்கிளாஸ் ஜெயிச்சவன். என் கையொப்பு பாங்குல இருக்கு."

சேஷன் இரண்டாம் தாளிலிருந்த ரேகையையும் அந்த விரலையும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"யார் விரல்டி இது?"

ஜானவி தன் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டாள்.

"உன் காலேஜுக்கு எழுது" என்றார் கோலப்பன். "இப்பமே. நான் நின்னு பாக்கணும்."

சேஷன் லேப்டாப்பை எடுத்துவந்து வாசலில் ஸ்டூல் மேல் வைத்தார். ஜானவி தட்டச்சு செய்தாள். கோலப்பன் குனிந்து, உதட்டை அசைத்து, ஆங்கிலத்தை மெதுவாகப் படித்தார்.

"மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்கா? யாருக்கு? எனக்கில்ல. வேண்டாம்னு சொன்னாரு, ஒளிஞ்சுநின்னு எடுத்தேன், விரல் என்னுதுன்னு எழுது."

அழித்துவிட்டு எழுதினாள். அனுப்பும்வரை நின்றார். போய்விட்டார். பத்மஜா கதவைச் சாத்திவிட்டு, "இனி தெருவுல எந்த மூஞ்சிய வச்சுண்டு நடப்பேன்?" என்றாள்.

இரண்டு நாளில் படங்களை எடுத்துவிட்டார்கள். விசாரணை வீடியோவில் நடந்தது. அந்தப் பருவத்தை அவள் மறுபடி படிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. சேஷன் தானே ஆரியசாலைக்குப் போய் மகாராஜாவிடம் நடந்ததைச் சொன்னார். மகாராஜா நம்பினார். ஆனால் பூட்டு முழுவதையும் மாற்றி, சாவி வேலையை வேறு ஆளிடம் கொடுத்தாயிற்றாம்.

புறப்படுவதற்கு முன் ஜானவி கேமரா இல்லாமல் பழவங்காடிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, என்னை மன்னி—"

"கேக்காத" என்றார் அவர், அரத்தை நிறுத்தாமல். "கேட்டா நான் தரணும். எனக்குத் தர மனசில்ல."

அவள் நின்றாள்.

"மாறி நில்லு. ஆளு வருது."

ஸ்கூட்டரை ஓரங்கட்டிய ஒரு பெண் அவளைத் தாண்டிக் கை நீட்டி ஒரு வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். கோலப்பன் அதை வாங்கிய வேகத்தில், ஜானவிக்குத் தெரியாதபடி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். ஜானவி சாலையைக் கடக்கும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை.