இரண்டாம் வரிசைக்கு ஊற்றிய தண்ணீர்

பரிசளிப்பு மேடையில் என் தங்கையும், முடியைப் பார்த்து நாங்கள் சுருட்டை என்று கூப்பிடும் அவளுடைய தோழியும் ஒரே சான்றிதழின் இரண்டு ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாணவர் வேளாண் ஆய்வுப் போட்டியில் முதல் பரிசு. அம்மா கைதட்டுவதை நிறுத்தவே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்ததும், “என் பொண்ணு, வலது பக்கம் நிக்கிறவ” என்றாள். அவர் எதுவும் விசாரிக்கவே இல்லை.

ஆய்வு எளியது. உப்பு ஏறிய மண்ணை இருபத்திநான்கு காகிதக் கோப்பைகளில் நிரப்பினார்கள். முதல் பன்னிரண்டில் மட்டும் கரித்தூள் கலந்தார்கள். எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் கரித்தூள் வரிசை ஒரு சாண் வளர்ந்தது. மற்ற வரிசை மஞ்சளாகிச் சுருண்டது. உப்பு மண்ணைக் கரித்தூள் சரிசெய்கிறது என்று எழுதினார்கள்.

பரிசு வெறும் காகிதம் இல்லை. வேளாண் கல்லூரியில் இருவருக்கும் கட்டணமில்லாத இடம். ஒரு நிபந்தனை: ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரியின் முன்னால் அதே ஆய்வை மறுபடி செய்து காட்ட வேண்டும். வேறு எந்த வழியிலும் என் தங்கை கல்லூரிக்குப் போக முடியாது. இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

நான் பள்ளி இறுதித் தேர்வில் தவறியவன். பகலில் பேட்டரி கடையில் வேலை. மாலையில் தங்கை படிக்கும் அதே பள்ளியில், அதே ஆய்வகத்தில், என்னைப் போலத் தவறியவர்களுக்கு வகுப்பு. அதனால்தான் அவள் கேட்டாள்: “அண்ணா, சாயங்காலம் கோப்பைக்குத் தண்ணி ஊத்திடறியா? ஒவ்வொண்ணுக்கும் நூறு மில்லி. கூடக் குறைய ஊத்திடாத.” அவள் கிளம்பும் முன் பூவாளியை நிரப்பி வைத்துவிட்டுப் போவாள். நான் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுவேன். ஒன்றிலிருந்து இருபத்திநான்கு வரை, வரிசை மாறாமல். பேட்டரி கடையில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதன் முதல் அறையில் தொடங்கிக் கடைசி அறையில் முடித்தால் எதுவும் விட்டுப்போகாது. ஒருநாள் தவறாமல் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

ஆராய்ச்சி நிலையத்தில் மறு ஆய்வு தொடங்கிப் பத்தாவது நாள், கடைக்கு ஒருவர் செத்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலாளி மூடியைத் திறந்து பார்த்தார்.

“என்ன தண்ணி ஊத்தினீங்க?”

“தண்ணிதான். குழாயில பிடிச்சு...”

“குழாய்த் தண்ணியா? பேட்டரிக்கு என்ன தாகமா எடுத்துச்சு? உள்ள பாருங்க, உப்பு பூத்துக் கிடக்கு.”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு எங்கள் ஆய்வகக் குழாய் நினைவுக்கு வந்தது.

ஆய்வகப் பூவாளி கோப்பைக்கு நூறு மில்லி வீதம் சரியாகப் பன்னிரண்டு கோப்பைகளுக்குத்தான் வரும். பதின்மூன்றாவதற்கு நான் குழாயில் மறுபடி பிடிப்பேன். பகலில் அந்தக் குழாயில் வருவது நகரத் தண்ணீர். தங்கை நிரப்பி வைத்தது அதைத்தான். மாலையில் மோட்டார் போட்டு ஏற்றும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அது வாயில் வைக்க முடியாத உப்பு. மாலை வகுப்பில் ஒருவரும் அதைக் குடிப்பதில்லை. வீட்டிலிருந்தே புட்டியில் கொண்டுவருவோம். நானும் கொண்டுபோவேன். என் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருபத்தொரு நாளும் இரண்டாவது வரிசைக்கு உப்புத் தண்ணீரை அளந்து ஊற்றியிருக்கிறேன்.

அன்று மாலை அந்தத் தண்ணீரை ஒரு தட்டில் கொஞ்சம் ஊற்றி, ஆய்வக விளக்கில் காட்டி வற்றக் காய்ச்சினேன். வெள்ளையாக ஒரு வளையம் படிந்தது. நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் வளையம்.

காலையில் தங்கையிடம் சொன்னேன். அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“வீட்டைப் பூட்டினோமான்னு மூணு தடவை திரும்பி வந்து பார்க்கிற ஆளு நீ. பரீட்சையில சரியா எழுதின விடையை அடிச்சிட்டு வந்த ஆளு. இப்ப என் ஆய்வுலயும் ஆரம்பிச்சிட்டியா?”

“இல்லம்மா, தட்டுல பார்த்தேன். ரெண்டு தடவை...”

“ரெண்டு தடவைதானா? மூணாவது தடவை பார்க்கலையா?” பின்னலை இழுத்துக் கட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அண்ணா, அங்க செடி நல்லாத்தான் இருக்கு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. ஒருவேளை கரித்தூளும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். என் சந்தேகங்களில் பாதி எப்போதும் வீண்தானே.

இருபத்தொன்றாம் நாள் கடையில் விடுப்பு கேட்டு அவர்களோடு போனேன். நிலையத்தின் கண்ணாடிக் கூடாரத்தில் நீண்ட மேசைமேல் இருபத்திநான்கு கோப்பைகள். கரித்தூள் உள்ளவை, இல்லாதவை, எல்லாம் ஒரே உயரம். எல்லாவற்றிலும் இலை ஓரம் ஒரே மாதிரி பழுத்திருந்தது. சுருட்டை அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தாள். தங்கை அவள் சொன்ன எண்களை எழுதினாள். ஒன்றைக்கூடக் கூட்டி எழுதவில்லை.

அதிகாரி, எங்கள் அம்மா வயதுப் பெண். கையிலிருந்த பழைய அறிக்கையையும் புதிய தாளையும் அருகருகே வைத்தார்.

“ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும். பள்ளிக்கூடத்துல எண்ணைக் கற்பனையா எழுதியிருக்கணும். இல்லைன்னா எனக்குத் தெரியாத ஏதோ நடந்திருக்கு. எது?”

தங்கை மேசையையே பார்த்தாள். சுருட்டை அழத் தொடங்கிவிட்டாள். படிவத்தில் ‘பிறர் உதவியின்றிச் செய்தோம்’ என்ற வரிக்குக் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றுவது உதவி என்று அப்போது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்தால் அந்தக் கையெழுத்து பொய்யாகும். திறக்காவிட்டால் அவள் எண்களையே பொய் என்பார்கள். எது குறைந்த கெடுதல் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நான் ஊற்றியதையும் உப்புத் தண்ணீரையும் சொல்லிவிட்டேன்.

அதிகாரி நான் கொண்டுபோயிருந்த குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். பூவாளியின் கொள்ளளவைக் கேட்டார். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேட்டார்.

“தினமும் வரிசையை மாத்தி மாத்தி ஊத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும், தம்பி” என்றார். திட்டும் குரல் இல்லை. “ஒழுங்காச் செஞ்சிருக்கீங்க. அதுதான் வினை.”

“அப்ப நாங்க ஏமாத்தலைன்னு நம்புறீங்களா, மேடம்?” சுருட்டை கேட்டாள்.

“நம்புறேன்மா. ஆனா வெளியாள் கை பட்டிருக்கு. இடம் அடுத்த ஜோடிக்குத்தான் போகும்.”

“இன்னொரு தடவை செஞ்சு காட்டுறோம். நாங்களே ஊத்துறோம்” என்றாள் சுருட்டை.

அதிகாரி மேசையைக் காட்டினார். “இது நீங்களே ஊத்தினதுதானே? கரித்தூள் ஒண்ணும் செய்யலையேம்மா.”

திரும்பி வரும்போது பேருந்தில் சுருட்டை முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். தங்கை என் பக்கத்தில் இருந்தாள். மன்னிப்புக் கேட்க இரண்டு வாக்கியம் மனதில் அமைத்தேன். இரண்டும் என்னைப் பற்றியே இருந்தன.

“இடம் போனது போகட்டும்” என்றாள், சன்னலைப் பார்த்தபடி. “அந்தச் செடி வளர்ந்தப்ப, நான் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன்னு நினைச்சேன்டா. ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. உப்பு மண்ணு வச்சிருக்கிறவங்க எல்லாரும் வந்து கேப்பாங்க, நான் சொல்லிக்குடுப்பேன்னு... அது எதுவுமே நடக்கலை, இல்ல?”

“நடக்கலை” என்றேன். அந்த ஒன்றில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வீட்டு வாசலில் அம்மா புதுத் தோள்பையோடு நின்றாள். கல்லூரிக்காக வாங்கியது, விலைச்சீட்டு இன்னும் தொங்கியது.

“என்னடி, எப்ப சேரணுமாம்?”

தங்கை குனிந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். வார் எப்போதோ அவிழ்ந்துவிட்டது, ஆனாலும் நிமிரவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று புரிந்தது. அம்மா என் பக்கம் திரும்பினாள்.