நவமணி விட்டுவைத்த ஒரு நொடி

டப்பிங் பேச வரச்சொல்லிப் பூவராகனுக்குக் கார்டு வந்திருந்தது. அவர் நடித்த படம். எப்போது நடித்தார் என்பது அவருக்கு நினைவில்லை. ஆனால் காட்சி எண், போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் கார்டில் சரியாக இருந்தன. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர். விவரம் சரியாக இருந்தால் அவர் மேற்கொண்டு கேட்பதில்லை.

படத்தில் இரண்டே பேர். ஒருகாலத்தில் காதலித்துப் பிரிந்த ஆணும் பெண்ணும் வயதான பிறகு ஓர் ஓட்டலில் சந்தித்துப் பேசுகிறார்கள். படம் முழுக்கப் பேச்சுதான். ஆண், பூவராகன். பெண், நவமணி.

நவமணி இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. தன் பகுதியை அதற்கு முன்பே பேசி முடித்துவிட்டாள். எதிலும் அவள் கொஞ்சம் முந்திக்கொள்வாள்.

டப்பிங் தியேட்டர் வெளியிலிருந்து பார்க்க ஒற்றை மாடி வீடு. உள்ளே கீழ்நோக்கி நான்கு மாடி இறங்கவேண்டியிருந்தது. கடைசி மாடியில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"குரல் உங்களோடதுதானா சார்?"

"ஆமாம்மா."

"சாட்சி?"

"குரலுக்கா?"

"பின்னே, சட்டைக்கா?" அவள் கோப்பைப் புரட்டினாள். "இருங்க, இருக்கு. மேடமே கையெழுத்துப் போட்டிருக்காங்க."

படிவத்தின் அடியில் பச்சை மையில் நவமணியின் கையெழுத்து. குரல் அடையாளம் என்ற கட்டத்தில், 'கொஞ்சம் கட்டைக் குரல். சொல்லவந்ததைச் சொல்லி முடிக்கமாட்டார்' என்று எழுதியிருந்தாள்.

"சரியா இருக்கா சார்?"

"அது வந்து, பார்த்தா..."

"சரியாத்தான் இருக்கு. உள்ளே போங்க."

அறைச் சுவர்களில் மெத்தை அடித்திருந்தது. நடுவில் மைக். எதிரே திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினீயர் கிளாட்வின் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். நாகர்கோவில் பையன் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நில்லுங்க சார். மேடம் பேசி முடிச்சதும் உங்க கேப் வரும், நீங்க பேசறதுக்கான இடைவெளி. எவ்வளவு கேப் விடணும்னு மேடம்தான் முடிவு பண்ணாங்க. அதுக்குள்ள பேசிடணும்."

"வசனம் எங்கே தம்பி?"

"உங்களுக்கு எழுதலையே சார். உங்களுக்குத் தெரியும்னாங்க."

திரையில் வெளிச்சம் வந்தது. ஓட்டல் மேஜை, இரண்டு டம்ளர். நவமணி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கண்ணாடி போட்டு அவர் பார்த்ததில்லை.

"இன்னும் காபிக்கு மூணு ஸ்பூன் சர்க்கரையா?" என்றாள்.

நான்கு நொடி.

"சர்க்கரையே கிடையாது. இப்ப உடம்பிலேயே இருக்குதாம்."

நவமணி சிரித்தாள். அந்தப் பதிலைப் பூவராகன் அப்போதுதான் யோசித்தார். அவள் சிரிப்பு போன வருடம் பதிவானது.

"ஓகே சார். லிப் கச்சிதமா இருக்கு, உதட்டசைவோட ஒட்டுது."

இப்படியே அரை மணி நேரம் நல்லபடியாகப் போனது. முழங்கால் வலி, ஓய்வூதியம், அவள் மகள் ஓசூரில் இருப்பது எல்லாம் பேசினார்கள். அவள் விட்ட இடைவெளிகளில் அவர் பதில்கள் பொருந்தி உட்கார்ந்தன. பிறகு அவள் டம்ளரைத் தள்ளிவைத்தாள்.

"அன்னைக்கு ஏன் வரலை?"

சிதம்பரம் பதிவு அலுவலகம். ஒரு புதன்கிழமை. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அவள் சாட்சிக்கு இரண்டு தோழிகளோடு நின்றிருந்தாள். அவர் போகவில்லை. அடுத்த மாதம் அவளை வேறு ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

திரையில் பூவராகனின் உதடு ஒருதரம் பிரிந்து மூடியது.

"கேப் எவ்வளவு தம்பி?"

"ஒரு நொடி."

"தப்பா இருக்கும். நல்லாப் பாரு."

"மேடம் கிட்ட நானும் கேட்டேன் சார். போதும்னுட்டாங்க."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மாவுக்கு அன்னைக்குப் பார்த்து நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு..."

"சார், சார், நிறுத்துங்க." கிளாட்வின் எழுந்துவிட்டான். "ரெண்டு பேருக்கும் ஒரே ட்ராக் சார். நீங்க இழுத்தா மேடத்தோட அடுத்த டயலாக் மேல ஏறுது. ஏறினது போனதுதான்."

"அடுத்த டயலாக் என்ன?"

"நானும் கேட்டதில்லை. நீங்க பேசினாத்தான் அது வரும். அது பன்னெண்டு நொடி இருந்தது. இப்ப எட்டு."

பூவராகனுக்கு வேர்த்தது. எட்டு நொடியில் அவள் எவ்வளவோ சொல்லலாம். மன்னித்தேன் என்றும் சொல்லலாம், மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லலாம். அதைக் கேட்காமல் அவர் வீட்டுக்குப் போகமுடியாது. கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வரலாம் என்று திரும்பினார். கதவு இருந்த இடத்தில் மெத்தை இருந்தது.

"அது பேசி முடிச்ச பிறகுதான் சார் கதவு" என்றான் கிளாட்வின்.

மறுபடி ஓடவிட்டான். அன்னைக்கு ஏன் வரலை?

"பஸ் புவனகிரியிலேயே நின்னு..."

"அஞ்சு நொடி."

திரையில் நவமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முதல் தடவை அவள் துடைக்கவில்லை.

"எதையாவது சின்னதாச் சொல்லுங்க சார். போன வாரம் ஒருத்தர் மாம்பழம்னுட்டுப் போயிட்டார். லிப் பிரமாதமா உக்காந்துச்சு."

"என்ன கேள்விக்கு?"

"அது அவங்க விஷயம் சார்."

அன்னைக்கு ஏன் வரலை?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "வந்தேன் நவமணி. எதிர்ல சைக்கிள் கடை வரைக்கும் வந்தேன். நீ பச்சைப் புடவை கட்டியிருந்தே. உங்க அண்ணன் அந்தப் பக்கம்..."

"சார்!"

அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உண்மைதான் தம்பி இது."

"உண்மையா இருக்கட்டும். நீளமா இருக்கே." கிளாட்வின் மீட்டரைப் பார்த்தான். "இன்னும் ஒரு நொடிதான் மிச்சம். ஒரே ஒரு சொல் இருக்கும். இதுவும் போச்சுன்னா மேடம் உங்களுக்குப் பதிலே சொல்லலைன்னு ஆயிடும்."

திரை நின்றிருந்தது. நவமணி கேள்வியைக் கேட்கப்போகும் வாயோடு நின்றிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பத்து மணிக்கு வந்து நின்றவளின் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. சைக்கிள் கடையிலிருந்து அவர் பார்த்த முகம்தான்.

"போடு தம்பி."

அன்னைக்கு ஏன் வரலை?

"பயம்."

உதடு மூடியிருந்தது, பிரிந்தது, மூடியது. திரையில் இருந்தவரும் அறையில் நின்றவரும் சேர்ந்து மூடினார்கள்.

"எனக்கும்தான்" என்றாள் நவமணி.

கிளாட்வின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அதுக்கு முன்னாடி அவ என்ன சொல்லியிருந்தா?"

"அங்கே இப்ப உங்க அம்மாவோட நெஞ்சு வலி இருக்கு சார். அப்புறம் பஸ். அப்புறம் சைக்கிள் கடை. வேணும்னா போட்டுக் காட்டறேன்."

"வேண்டாம்."

"ஓகே சார். மேடம் பகுதி இதோட முடிஞ்சது."

"அப்ப நான் கிளம்பலாமா?"

"உங்களுது ஒரு கேப் பாக்கி இருக்கு."

திரை ஓடியது. அதே மேஜை. நவமணி முகவாயில் கை ஊன்றி எதிரே இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. இமைத்தாள். அவள் காபியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இதில் என்ன பேசணும்?"

"பேச்சு இல்லை சார். மூச்சு மட்டும்."

"எவ்வளவு நேரம்?"

கிளாட்வின் தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கமும் பார்த்தான்.

"நீங்க இருக்கிற வரைக்கும்னு போட்டிருக்கு சார்."

பூவராகன் மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூச்சை இழுத்தார்.

"இன்னும் சிவப்பு லைட் போடலை சார். இது பதிவுல சேராது. விட்டுட்டு மறுபடி இழுங்க."

அவர் விட்டுவிட்டு மறுபடி இழுத்தார்.