எண்பத்து நான்கும் இருநூற்றுப் பன்னிரண்டும்

ஐலா ஹைக்கினெனுக்கு வாரத்தில் நாள் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருந்தது, வியாழக்கிழமை. மற்ற ஆறும் வந்தன, போயின. பனியைச் சுரண்டிக் காரைக் கிளப்புவாள். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், ஏரி தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, கணினித் திரையில் புரதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வீட்டுக்குப் போய் ரொட்டியில் சீஸ் வைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் துலூத் நகரத்தில் குளிர்காலம் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அவளிடம் யாராவது நான்கு வார்த்தை சேர்த்துப் பேசினால் அது பெட்ரோல் பங்க்கில்தான். மாடியில் இருந்த இளசுகள் காதில் எதையாவது செருகிக்கொண்டு அலைகிறவர்கள். லிஃப்டில் பார்த்தால் தலையை ஆட்டுவார்கள். இவளும் ஆட்டுவாள். நாற்பத்தாறு வயது மனுஷிக்கு இது எப்படிப் போதும்? போதவில்லை.

வியாழன் மதியம் மூன்று மணிக்குத் திரையில் வெண்டல் கோமோ வருவான். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் அப்போது ஐந்து மணி. வெண்டல் அங்கே ஒரு ஆய்வகத்தில் புரதங்களைக் கையால் செய்து பார்க்கிறவன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பாதி நாள் வாயில் சாப்பாடும் இருக்கும்.

"என்ன தாயே, உயிரோட இருக்கியா, இல்ல உறைஞ்சு போயிட்டியா?"

"உங்க ஊர் மூடுபனியில உன் மூஞ்சி சரியாத் தெரியல. ரொம்ப நிம்மதியா இருக்கு."

"நக்கலைப் பாரு. சரி, கேளு. உன் கொக்கியை மறுபடியும் வெட்டிட்டேன். உன் புரதம் கண்டுக்கவே இல்ல. ஜம்முனு உட்கார்ந்திருக்கு."

"சூட்டை இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாரேன்."

"இதுக்கு மேல ஏத்தினா நான்தான் வெந்துபோவேன்."

அந்தக் கொக்கிதான் இரண்டு வருஷமாக அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. அது தனக்குள்ளேயே மடிந்து சுருண்டு ஒரு பந்தாகிவிடும். மடிந்த பிறகு எந்தக் கண்ணி எதைத் தொடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஐலாவின் பிழைப்பு. இரண்டு கண்ணிகளின் அணுக்கள் நாலரை ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் வந்தால் தொடுகை என்று கணக்கு. ஒரு தலைமுடியின் தடிமன் அதைவிட லட்சம் மடங்குக்கும் மேல். கொஞ்சம் தள்ளிப் போனாலும் தொடவில்லை என்றுதான் எழுத வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

குளிர்ந்த ஏரிகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதத்தை யாரோ படிகமாக்கி எடுத்த உருவத்தில், எண்பத்து நான்காம் கண்ணியும் இருநூற்றுப் பன்னிரண்டாம் கண்ணியும் தொட்டுக்கொண்டிருப்பதை அவளுடைய நிரல் காட்டியது. சங்கிலியில் எங்கோ ஒன்று, எங்கோ இன்னொன்று. ஒன்றில் நேர் மின்னூட்டம், மற்றதில் எதிர் மின்னூட்டம். இரண்டும் கைகோத்து நிற்கின்றன. பந்து குலையாமல் பிடித்திருப்பது இந்தக் கொக்கிதான் என்று அவளும் வெண்டலும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டார்கள். பிறகு வெண்டல் எண்பத்து நான்கை மாற்றிப் பார்த்தான், இருநூற்றுப் பன்னிரண்டை மாற்றிப் பார்த்தான், இரண்டையும் ஒருசேர மாற்றிப் பார்த்தான். புரதம் அசையவில்லை. ஒவ்வொரு வியாழனும் ஐலா ஒரு புதுக் காரணம் சொல்வாள். அவன் கேலி செய்வான். அரை மணி நேர வேலைப் பேச்சு ஒரு மணி நேரமாகும். திரையை அணைத்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு ஒட்டியிருக்கும். அதை யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஜப்பானியர்கள் சிலர் அதே புரதத்தை வேறு விதமாகப் படிகமாக்கி அதன் உருவத்தை வெளியிட்டார்கள். ஐலா ஆசையாக இறக்கிப் பார்த்தாள். அதில் எண்பத்து நான்கு ஒரு மூலையில் கிடந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு மறுபக்கம். முதலில் ஜப்பானியர்களைத் திட்டினாள். திட்டி முடித்ததும் தன் கணக்கின்மேலேயே சந்தேகம் வந்தது. தன் நிரலைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள்.

ஒரே ஒரு வரிதான். வேறொரு வேலைக்காக என்றோ சேர்த்து, நீக்க மறந்த வரி. படிகத்துக்குள் ஒரு புரதம் தனியாக இருப்பதில்லை. அதன் நகல்கள் செங்கல் அடுக்கியதுபோல எல்லாப் பக்கமும் நெருக்கி நிற்கும். அந்த வரி பக்கத்து நகல்களின் அணுக்களையும் அள்ளிக் கணக்கில் போட்டுவிட்டது. எண்பத்து நான்கு தொட்டது தன் பந்தில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டை இல்லை, பக்கத்தில் நின்ற நகலுடையதை. படிகத்தில் நெருக்கியடித்ததால் பட்ட கை. பாக்டீரியாவின் உடம்புக்குள் அப்படி ஒரு பக்கத்து வீடே கிடையாது. அங்கே அந்தப் புரதம் தண்ணீரில் தனியாகத்தான் மிதக்கும். இந்தத் தொழிலுக்கு வரும் மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. சொல்லிக்கொடுத்தவர்களில் ஐலாவும் ஒருத்தி.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு முதலில் தோன்றியது வேறு. கொக்கி இல்லையென்றால் ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லையென்றால் வியாழக்கிழமை இல்லை.

அந்த வாரம் அவள் சொல்லவில்லை.

"ஐலா, அடுத்து நூத்தி ஒன்பதையும் சேர்த்து மாத்திப் பாக்கட்டுமா? ரெண்டு மாசம் ஆகும்," என்றான் வெண்டல்.

"பாரேன்," என்றாள்.

சொன்ன வாய் வீட்டுக்குப் போன பிறகும் கசந்தது. ரொட்டி இறங்கவில்லை. இல்லாத ஒன்றுக்காக ஒரு மனுஷனின் இரண்டு மாதத்தை வாங்கிக்கொண்டோமே என்று நினைத்து நினைத்துப் புழுங்கினாள். அதே மூச்சில், இரண்டு மாதம் என்றால் எட்டு வியாழன் என்றும் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டதற்காகத் தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த வியாழன் அவன் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள்.

"வெண்டல், அந்தக் கொக்கி பொய். நான் பண்ணின தப்பு. பக்கத்து நகலோட அணுவைச் சேர்த்து எண்ணிட்டேன். போன வாரமே எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா!" என்று கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"என்ன அப்பாடா?"

"நீயாக் கண்டுபிடிச்சியே, அதுக்கு. போன இலையுதிர் காலத்துலயே ஒரு நாள் உக்காந்து பார்த்தேன். பக்கத்து நகலோட கைதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் நான் புதுசா எதுவும் செய்யல. பழைய படத்தையே மாத்தி மாத்திக் காட்டிட்டிருந்தேன். நூத்தி ஒன்பதுகூடச் சும்மா சொன்னதுதான்." அவன் சிரித்தான். பாரம் இறங்கியவனின் சிரிப்பு. "என் வீட்டுக்காரி ஷானா குதிப்பா பாரு. வியாழக்கிழமை அவ கர்லிங் டீம்ல ஐஸ் மேல கல் தள்ள ஒரு ஆள் குறையுதுன்னு ஒரு வருஷமா என் உயிரை எடுக்குறா."

ஐலா அவனையே பார்த்தாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவன் சிரிப்பு நின்றது. மேசையில் எதையோ எடுத்தான், வைத்தான்.

"வெண்டல், எனக்கு வாரத்துல பேசறதுக்கு உன்ன விட்டா யாரும் இல்ல," என்றாள் ஐலா. இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது.

"தெரியும் ஐலா," என்றான் மெதுவாக. "அதனாலதான் சொல்லல."

 அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் ஹாலிஃபாக்ஸிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"வேலை இல்லாட்டி என்ன, சும்மா பேசலாமே. அடுத்த வியாழன் கூப்பிடட்டுமா?" என்றான். நல்லவன். மனசாரத்தான் கேட்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் இந்த முகத்தின் மேல்தான் சிரிப்பைப் பூசிக்கொண்டு வந்தானா என்று ஐலாவுக்குத் தோன்றியது. சரி என்று சொல்ல அவளுக்கு உயிரே துடித்தது.

"வேணாம். நீ போய்க் கல்லைத் தள்ளு."

"கோவமா?"

"இல்லப்பா."

உண்மையாகவே கோபம் இல்லை. கோபித்துக்கொள்ள ஓர் ஆளாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறும் குறிப்பை எழுதினாள். எண்பத்து நான்குக்கும் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் இடையே தொடுகை ஏதும் இல்லை, பிழை முழுவதும் முதல் ஆசிரியரான ஐலா ஹைக்கினெனுடையது. அதை வெண்டலின் சம்மதத்துக்கு அனுப்பிவிட்டு, பழக்க தோஷத்தில் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'கல் காலில் விழாமல் பார்த்துக்கொள், தடியா.'

பதில் சீக்கிரமே வந்தது. 'அன்புள்ள ஐலா, குறிப்பைப் படித்தேன். சரியாக இருக்கிறது. இத்தனை நாள் உழைப்புக்கு மிக்க நன்றி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

கேலியாக ஒரு சொல் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவன் அவளிடம் மரியாதையாகப் பேசியிருந்தான். ஐலா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.